ஃபில்டர் செய்த ஸ்ட்ரீமிலிருந்து ஒரே ஒரு மதிப்பை வெளியே எடுப்பது எப்படி? (ஜாவா, கொழுந்து நிறுவைக் கணக்கு)

கொழுந்துக்கூடை | திங்கள், இரவு 9.40

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். ஜாவா படிக்கத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. பயிற்சிக்காக ஒரு சின்ன நிரல் எழுதுகிறேன். தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் எழுதும் கொப்பியை அப்படியே கணினிக்குள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுக்கிறார், அதனால் இந்தக் கணக்கு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

ஒவ்வொரு பதிவிலும் தொழிலாளர் நம்பர், பெயர், திகதி, எந்த நிறுவை (காலை, பகல், மாலை), கிலோ என்று ஐந்து விஷயம் இருக்கிறது. எனக்கு வேண்டியது 214ஆம் நம்பருக்கு இன்றைக்கு எத்தனை கிலோ என்கிற ஒரே ஒரு எண். பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிடும் ஸ்ட்ரீமாக எடுத்து, பொருந்துவதை மட்டும் விடும் ஃபில்டர் போட்டு நம்பரையும் திகதியையும் பார்த்தேன், பிறகு மேப் போட்டு கிலோவை மட்டும் பிரித்தேன். அதுவரை சரி. ஆனால் கையில் இருப்பது இன்னமும் ஸ்ட்ரீம்தான், எண் இல்லை. லிஸ்டாக மாற்றினால் சதுர அடைப்புக்குறிக்குள் வருகிறது. முதலாவதைத் தரும் ஃபைண்ட் ஃபர்ஸ்ட் போட்டால் திரையில் ‘ஒப்ஷனல்’ என்று எழுதி அதற்குள் 7.5 என்று காட்டுகிறது. கெட் போட்டதும் 7.5 தனியாக வந்தது, சந்தோஷப்பட்டேன். அப்புறம் அன்று வேலைக்கு வராத ஒருவருடைய நம்பரைக் கொடுத்தேன், நிரல் அப்படியே விழுந்துவிட்டது. உள்ளே மதிப்பு இல்லை என்று ஒரு பிழைச் செய்தி.

ஒரு எண்ணை எடுக்க ஏன் இவ்வளவு சுற்ற வேண்டும்? சரியான வழி எது?

பண்டாரவளை_மேகம் | திங்கள், இரவு 10.05

தங்கச்சி, நீங்கள் ஏற்கெனவே முக்கால்வாசி வந்துவிட்டீர்கள். ஃபில்டர், மேப், ஃபைண்ட் ஃபர்ஸ்ட் மூன்றும் சரிதான். கடைசியில் கெட்டை எடுத்துவிட்டு ஓர்எல்ஸ் போட்டு உள்ளே 0 கொடுங்கள். இருந்தால் கிலோ வரும், இல்லாவிட்டால் 0 வரும், நிரல் விழாது.

ஒப்ஷனல் என்பது ஒரு மூடிய டப்பா. உள்ளே ஒன்று இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது. ஃபில்டர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டிருக்கக்கூடும் என்பதால் ஜாவா உங்கள் கையில் நேராக எண்ணைத் தராமல் டப்பாவைத் தருகிறது. 2014இல் ஜாவா 8 வந்தபோது ஸ்ட்ரீமும் ஒப்ஷனலும் சேர்ந்தேதான் வந்தன. அதற்கு முன்பு இப்படித் தேடும் வேலைக்கு, மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் ‘நல்’ திருப்பி அனுப்புவோம், வாங்கியவர் பார்க்க மறந்தால் நிரல் வேறு எங்கோ போய் விழும். ‘நல்’லை 1965இல் ஆல்கொல் டபிள்யூ என்ற நிரல் மொழிக்காகக் கொண்டுவந்தவர் கணினி அறிஞர் டோனி ஹோர். அவரே 2009இல் ஒரு மாநாட்டில் அதைத் தன்னுடைய நூறு கோடி டொலர் தவறு என்று சொன்னார். ஆகவே இந்தச் சுற்று வீண் சுற்று இல்லை.

ரொசல்ல_ரயில்பாதை | திங்கள், இரவு 10.50

மேலே சொன்னது சரி, ஆனால் ஃபைண்ட் ஃபர்ஸ்ட் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லிஸ்டாக மாற்றி முதல் உறுப்பை எடுப்பதும் இதுவும் ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்.

நம் ரயில் பாதையையே எடுத்துக்கொள்வோம். வட்டவளை, ரொசல்ல, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, நானுஓயா என்று ஏழு நிலையங்களை இந்த வரிசையிலேயே ஒரு லிஸ்டில் போடுங்கள். பெயர் ‘கலை’ என்று முடிய வேண்டும் என்று ஃபில்டர் போட்டு, ஃபைண்ட் ஃபர்ஸ்ட் கேளுங்கள். கொட்டகலை வரும். இப்போது ஃபில்டருக்கு முன்னால் பீக் போட்டு, கடந்துபோகும் ஒவ்வொரு பெயரையும் அச்சிடச் சொல்லுங்கள். ஏழு பெயர் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள், ஆனால் நான்குதான் வரும். வட்டவளை, ரொசல்ல, ஹட்டன், கொட்டகலை. அதோடு நின்றுவிடும், தலவாக்கலைக்கு ரயில் போகவே இல்லை. ஸ்ட்ரீமில் முதல் கட்டம் எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் இரண்டாவது கட்டம் தொடங்கும் என்று இல்லை, ஒவ்வொரு உறுப்பாகக் கடைசிவரை போகிறது, தேவையானது கிடைத்ததும் நிற்கிறது. கடைசியில் ஃபைண்ட் ஃபர்ஸ்ட் போன்ற ஒன்றைச் சேர்க்காவிட்டால் எதுவுமே நடக்காது, பீக்கும் ஒரு பெயரைக்கூட அச்சிடாது.

இப்போது பீக்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில் சோர்ட்டட் ஒன்றைச் செருகிப் பாருங்கள், ஏழும் அச்சாகும். வரிசைப்படுத்த வேண்டுமென்றால் எல்லாரும் வந்து சேரும்வரை காத்திருந்துதான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. சின்ன லிஸ்டில் இது தெரியாது, ஒரு வருஷத்து நிறுவைப் பதிவுகளை வைத்துக்கொண்டு செய்தால் தெரியும்.

இன்னொன்று, அந்த ஸ்ட்ரீமை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு இரண்டாவது தடவை கேட்காதீர்கள். ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று என்று பிழை தரும். லிஸ்டிலிருந்து புதிதாக ஸ்ட்ரீம் எடுக்க வேண்டும்.

கொழுந்துக்கூடை | செவ்வாய், காலை 6.20

அண்ணே, பீக் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே நான்கோடு நின்றது. இரவு ஒரு மணிவரை இதையே மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓர்எல்ஸில் 0 போட்டதும் நிரல் விழுவதும் நின்றுவிட்டது. ரொம்ப நன்றி, பிரச்சினை தீர்ந்தது.

பழைய_செக்ரோல் | செவ்வாய், காலை 11.15

மகள், பிரச்சினை தீரவில்லை. அவசரப்பட்டு இழையை மூடிவிடாதீர்கள்.

நான் ஒரு தோட்டத்து ஒபிசில் பல வருஷம் செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) எழுதியவன், பிற்பாடுதான் நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே கைக்கணக்கை நிறுத்தி ஒரு நிரல் வாங்கிப் போட்டார்கள். தோட்டத்தின் இரண்டு பிரிவுகளான மேல்கணக்கிலும் கீழ்க்கணக்கிலும் தொழிலாளர் நம்பர் தனித்தனியாக 1இலிருந்துதான் தொடங்கும், ஆகவே 87 என்றால் மேலே ஒருவர், கீழே ஒருவர். நிரல் எழுதியவருக்கு அது தெரியாது. நம்பரை மட்டும் ஃபில்டர் செய்து, முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டது அந்த நிரல். முதலில் அகப்படுவது எப்போதும் மேல்கணக்கு 87தான், ஏனென்றால் கோப்பில் மேல்கணக்கு முதலில் வரும்.

கீழ்க்கணக்கு 87 நன்றாகக் கொழுந்து எடுக்கும் ஒரு அம்மா. அவர் 22 கிலோ எடுத்த நாளில் மேலே இருந்தவருடைய 11 கிலோ இவருடைய கணக்கில் விழுந்தது. அங்கே அப்போது 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். ஆகவே இவருக்கு அரைப்பேர். ஒரு நாள் இல்லை, அந்த மாதத்தில் பல நாள். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை, நிரல் விழவும் இல்லை, அழகாக அச்சடித்துச் சம்பளச் சீட்டு வந்தது. அவர் மடுவத்தில் சொன்ன கிலோவை ஒவ்வொரு நாளும் வீட்டுக் கலண்டரில் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். சம்பளச் சீட்டையும் கலண்டரையும் சேர்த்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார், ஒன்றும் பேசவில்லை. கலண்டர் எழுதாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அதனால்தான் சொல்கிறேன். ‘ஒன்றை எடு’ என்று நிரலுக்குச் சொல்வதற்கு முன்னால் உங்களுக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் என்ன? இரண்டு இருந்தால் என்ன? இரண்டு இருக்கலாம் என்றால் எது வேண்டும், ஏன்? ஃபைண்ட் ஃபர்ஸ்ட் இரண்டாவது கேள்வியை உங்களிடம் கேட்காது. நீங்கள் 0 போட்ட இடத்தில் முதல் கேள்வியும் மறைந்துபோயிற்று. வேலைக்கு வராதவரும் வந்து ஒன்றும் எடுக்காதவரும் செக்ரோலில் ஒரே ஆள் இல்லை.

நானுஓயா_பனி | செவ்வாய், பகல் 12.30

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு வேலை செய்ய முடியவில்லை, உட்கார்ந்து எங்கள் நிரல்களில் எங்கெங்கே இப்படி முதலாவதை எடுத்திருக்கிறோம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். நான் சி ஷார்ப்பில் வேலை செய்கிறவள். அங்கே லிங்க் என்ற பகுதியில் இதற்குத் தனித்தனிப் பெயரே இருக்கிறது. ஃபர்ஸ்ட் என்றால் முதலாவது போதும். சிங்கிள் என்றால் கட்டாயம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒன்றுக்கு மேல் இருந்தாலும் பிழை எறியும். சிங்கிள் ஓர் டிஃபோல்ட் என்றால் இல்லாமல் இருக்கலாம், ஆனால் இரண்டு இருக்கக்கூடாது. நிரலைப் படிக்கிறவருக்கு எழுதியவர் என்ன நினைத்தார் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். எங்கள் குழுவில் நம்பரை வைத்துத் தேடும் இடத்தில் ஃபர்ஸ்ட் எழுதியிருந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனால் கவனம், இல்லாதபோது ஃபர்ஸ்ட் ஓர் டிஃபோல்ட் எண்களுக்கு 0 தரும், அதாவது நம் பழைய பிரச்சினையே. 2021இல் வந்த டொட்நெட் 6இலிருந்து அந்த இடத்தில் என்ன மதிப்பு வர வேண்டும் என்று நாமே கொடுக்கலாம்.

கொட்லினிலும் சிங்கிள் இருக்கிறது. அங்கே சிங்கிள் ஓர் நல் என்பது இல்லாவிட்டாலும் ‘நல்’ தரும், இரண்டு இருந்தாலும் ‘நல்’ தரும். பெயரை நம்பி சி ஷார்ப் மாதிரி நடக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

ஜாவாவில் சிங்கிளுக்கு என்ன செய்கிறீர்கள்?

ரொசல்ல_ரயில்பாதை | செவ்வாய், பகல் 1.10

ஜாவாவின் ஸ்ட்ரீமில் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. எனக்குப் பிடித்த வழி லிமிட் 2. ஃபில்டருக்குப் பிறகு லிமிட் 2 போட்டு லிஸ்டாக எடுத்து, அதன் அளவைப் பாருங்கள். 0 என்றால் இல்லை, 1 என்றால் அதுதான், 2 என்றால் எங்கோ கோளாறு. இரண்டாவது கிடைத்ததுமே நின்றுவிடும், ஆயிரம் பதிவையும் சேர்த்துக்கொண்டு வராது. இதை ஒரு தடவை சின்னச் செயற்கூறாக எழுதி வைத்துக்கொண்டால் நிரல் முழுவதும் அதையே கூப்பிடலாம்.

சிலர் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒன்றாக்கும் ரெடியூஸ் போட்டு, இரண்டு உறுப்புகளைச் சேர்க்கச் சொல்லும் இடத்தில் பிழையை எறிவார்கள். ஒன்று மட்டும் இருந்தால் சேர்க்க வேண்டிய தேவையே வராது, இரண்டாவது வந்தால் எறியும். வேலை செய்யும், ஆனால் புதிதாகப் படிக்கிறவருக்கு அது என்னவென்று புரிய நேரமாகும். குவாவா நூலகம் ஏற்கெனவே உங்கள் நிரலில் இருந்தால் அதில் ஒன்லி எலிமென்ட் என்ற கலெக்டர் இருக்கிறது, அதுவும் இதே வேலையைச் செய்யும். இதற்காக மட்டும் குவாவாவைச் சேர்க்க வேண்டாம்.

கெட் பற்றியும் ஒரு வார்த்தை. 2018இல் ஜாவா 10 வந்தபோது, உள்ளே எதுவும் கொடுக்காமல் கூப்பிடக்கூடிய ஓர்எல்ஸ் த்ரோ சேர்ந்தது. வேலை கெட் செய்வதுதான், ஆனால் இல்லாவிட்டால் விழும் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆவணத்திலும் கெட்டுக்குப் பதிலாக அதைத்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

மஸ்கெலியா_மாலை | செவ்வாய், மாலை 5.45

எல்லாரும் பிழை எறி, பிழை எறி என்கிறீர்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாலை நிறுவை எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மழை, பனி, இருட்டிக்கொண்டு வருகிறது, எழுபது எண்பது பேர் கூடையை இறக்கிவைத்துவிட்டு வரிசையில் நிற்கிறார்கள், வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒருவருடைய பதிவு இரண்டு தடவை இருக்கிறது என்று நிரல் விழுந்தால் எண்பது பேரும் நனைய வேண்டுமா? நிரல் விழுவதும் தொழிலாளர் தலையில்தான் விடிகிறது. பேசாமல் முதலாவதை எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டு, ஒபிசில் பிறகு சரிபார்க்கலாம்.

பழைய_செக்ரோல் | செவ்வாய், மாலை 7.20

தம்பி, மழையில் நிறுத்தக்கூடாது என்பது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ‘பிறகு சரிபார்க்கலாம்’ என்பதுதான் நடக்காது, அதை நான் பார்த்துவிட்டேன். முதலாவதை எடுத்துக்கொண்டு போனால் சரிபார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாதே.

நானுஓயா_பனி | செவ்வாய், இரவு 8.00

இரண்டு பேர் சொல்வதும் ஒரே நிரலுக்குள் பொருந்தும் என்று நினைக்கிறேன். மடுவத்தில் இருப்பது பதிவு செய்யும் வேலை. அங்கே எதையும் தேடி எடுக்கத் தேவையில்லை, வருவதை எழுதிக்கொண்டே போகலாம், எதுவும் விழாது. சம்பளத்துக்காக ஒரு மதிப்பை வெளியே எடுக்கும் வேலை ஒபிசில், இரவிலோ மறுநாளோ நடப்பது. அங்கே சந்தேகம் வந்தால் அந்த ஒருவருடைய வரியை மட்டும் தனியாக வைத்துவிட்டு, மற்றவர்களை முடித்து, கடைசியில் ‘இந்த நம்பர்களைக் கையால் பாருங்கள்’ என்று காட்டலாம். பிழை எறிவது என்றால் முழு நிரலும் சாக வேண்டும் என்று இல்லை, ஒரு ஆளுக்கு எறிந்த பிழையை அந்த ஆளுக்கே பிடித்துக்கொள்ளலாம்.

மஸ்கெலியா_மாலை | செவ்வாய், இரவு 8.25

அப்படியென்றால் சரி. கையால் பார்க்க வேண்டியவர்களின் பட்டியல் திரையில் வந்தே தீர வேண்டும், யாரும் தேடிப் போய்த் திறக்கும் கோப்பில் இல்லை. அது இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பண்டாரவளை_மேகம் | செவ்வாய், இரவு 9.10

0 போடச் சொன்னது நான்தான். மாலையில் திரையில் காட்டுவதற்கு மட்டும் என்றால் 0 பரவாயில்லை, சம்பளக் கணக்குக்கு அது பிழை, மன்னிக்கவும் தங்கச்சி.

ஓர்எல்ஸ் பற்றிச் சொல்ல வேண்டிய இன்னொன்றையும் அன்று விட்டுவிட்டேன். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் புதிதாக ஒருவரைப் பதிவு செய்யும் செயற்கூறை ஓர்எல்ஸுக்குள் எழுதிவிட்டேன். ஓர்எல்ஸுக்குள் கொடுப்பது, டப்பாவில் மதிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் ஓடிவிடும். ஆகவே இருக்கிற ஒவ்வொரு வாடிக்கையாளரைத் தேடியபோதும் கூடவே வெற்றுப் பதிவு ஒன்று உருவாகிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். அங்கே வேண்டியது ஓர்எல்ஸ் கெட், அது டப்பா காலியாக இருந்தால் மட்டும் உள்ளே கொடுத்ததை ஓட்டும். வெறும் எண்ணோ சொல்லோ என்றால் ஓர்எல்ஸ் போதும், ஏதாவது வேலை நடக்க வேண்டுமென்றால் ஓர்எல்ஸ் கெட்.

கொழுந்துக்கூடை | புதன், மாலை 6.40

எல்லாவற்றையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். ஐயா எழுதியதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்க் கலண்டரை எடுத்துவந்து காட்டினார், அவரும் எழுதுகிறார், எனக்கு இத்தனை நாளும் தெரியாது.

லிமிட் 2 செயற்கூறை எழுதி ஓட்டினேன். அம்மாவுக்கே ‘ஒன்றுக்கு மேல்’ என்று வந்தது. ஏன் என்று பார்த்தால் காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவை இருக்கிறதே! நான் இவ்வளவு நாளும் எடுத்துக்கொண்டிருந்த 7.5 காலை நிறுவை மட்டும்தான். எனக்கு வேண்டியது முதலாவதும் இல்லை, ஒன்றே ஒன்றும் இல்லை, மூன்றையும் கூட்டிய ஒன்று. முதல் நாளே ஃபைண்ட் ஃபர்ஸ்ட் பேசாமல் காலைக் கிலோவைக் கொடுத்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இப்போது சம் போட்டேன். ஆனால் வராதவருக்கு மறுபடியும் 0 வருகிறது.

இன்னொரு விஷயமும் நடக்கிறது. பெயரை வைத்துத் தேடினால் சிலர் கிடைக்கிறார்கள், சிலர் கிடைப்பதில்லை, கண்ணுக்கு எழுத்து ஒன்றுதான். நம்பரை வைத்தே தேடிக்கொள்ளலாம், இருந்தாலும் ஏன் என்று தெரிய வேண்டும்.

ரொசல்ல_ரயில்பாதை | புதன், இரவு 7.30

முதலில் கூட்டல். சம் எப்போதும் எண்ணைத்தான் தரும், காலியான ஸ்ட்ரீமுக்கு 0 தரும். அதற்குப் பதிலாக ரெடியூஸுக்குத் தொடக்க மதிப்புக் கொடுக்காமல், கூட்டும் முறையை மட்டும் கொடுங்கள். அப்போது விடை ஒப்ஷனலாக வரும். ஒரு பதிவுமே இல்லாவிட்டால் டப்பா காலி, பதிவு இருந்து எல்லாம் 0 என்றால் டப்பாவுக்குள் 0. ஐயா கேட்ட வித்தியாசம், வராதவரும் வந்து எடுக்காதவரும், அப்படியே கிடைத்துவிடும். அதிகபட்சம், குறைந்தபட்சம் கேட்கும் மேக்ஸ், மின் இரண்டும் இதே காரணத்துக்காகத்தான் ஒப்ஷனல் தருகின்றன. காலி லிஸ்டில் பெரியது எது என்பதற்குப் பதில் கிடையாது.

மேக்ஸ் உங்களுக்கு இன்னொரு இடத்திலும் வேண்டியிருக்கும். தராசைப் பிழையாக வாசித்து, பிறகு திருத்தி மறுபடி எழுதினால் ஒரே நிறுவைக்கு இரண்டு பதிவு இருக்கும். அங்கே கடைசியாக எழுதியதுதான் செல்லும். நிறையப் பேர் நேரத்தை வைத்து இறங்குவரிசையில் அடுக்கி ஃபைண்ட் ஃபர்ஸ்ட் போடுவார்கள், விடை சரியாகத்தான் வரும். ஆனால் ஒன்றை மட்டும் எடுக்க எல்லாவற்றையும் அடுக்கத் தேவையில்லை, நேரத்தை ஒப்பிட்டு மேக்ஸ் கேட்டால் ஒரே ஓட்டத்தில் முடியும். வரிசையை நம்பி முதலாவதை எடுப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர், பிதுருதலாகல 2,524 மீற்றர் என்று இந்த வரிசையில் லிஸ்டில் வைத்து, 2,000 மீற்றருக்கு மேல் என்று ஃபில்டர் செய்து முதலாவதைக் கேட்டால் சிவனொளிபாதமலைதான் வரும். நாட்டிலேயே உயரமான மலை வேண்டுமென்று மனதில் நினைத்தால் போதாது, நிரலில் எழுத வேண்டும்.

ஃபைண்ட் எனி என்று ஒன்றையும் காண்பீர்கள். எது கிடைத்தாலும் சரி என்னும் இடத்துக்கு மட்டும் அது. சாதாரண ஸ்ட்ரீமில் பெரும்பாலும் முதலாவதே வருவதால் இரண்டும் ஒன்று என்று தோன்றும், ஆனால் அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை, பல பகுதிகளாக ஒரே நேரத்தில் ஓடும் பேரலல் ஸ்ட்ரீமில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வரலாம்.

தலவாக்கலை_தூறல் | புதன், இரவு 8.15

பெயர் விஷயம் எனக்குத் தெரியும், நானும் ஒரு வாரம் இதில் மாட்டிக்கொண்டேன். ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின்னால் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது எகரக் கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் ஈக்வல்ஸ் போட்டு ஒப்பிட்டால் வேறு வேறு என்று சொல்லும். ஓ, ஔ குறிகளுக்கும் இதே கதைதான். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டும் கலந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கிடைக்காதவர்களின் பெயர்களைப் பாருங்கள், கோ, மோ, யோ என்று ஏதாவது இருக்கும்.

தீர்வு, கோப்பை வாசிக்கும்போதே ஜாவாவின் நோர்மலைசர் வகுப்பைக் கொண்டு எல்லாப் பெயர்களையும், இந்தக் குறிகளை ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், தேடும் சொல்லையும் அதேபோல் மாற்றுங்கள். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை வெட்ட ஸ்ட்ரிப் போடுங்கள், அதுவும் பாதித் தொல்லைக்குக் காரணம்.

அப்புறம், கிலோ எழுதாமல் விட்ட பதிவு இருந்தால் மேப்புக்குப் பிறகு ஸ்ட்ரீமுக்குள் ‘நல்’ வரும். ஃபைண்ட் ஃபர்ஸ்ட் தேர்ந்தெடுப்பது ‘நல்’ ஆக இருந்தால் காலி டப்பா தராது, நல் பொயின்டர் பிழை எறியும். ‘நல்’களை அதற்கு முன்பே ஃபில்டரில் தள்ளுங்கள், தள்ளியதை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் யாரோ ஒருவருடைய கிலோ.

வெலிமடை_உருளைக்கிழங்கு | புதன், இரவு 9.00

ஜாவாஸ்கிரிப்ட்டில் வேலை செய்கிறவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாக. அங்கே ஃபில்டர் போட்டு முதலாவதை எடுக்காதீர்கள், அது முழு லிஸ்டையும் சுற்றிவிடும். 2015ஆம் ஆண்டு தரத்திலிருந்து ஃபைண்ட் இருக்கிறது, கிடைத்ததும் நிற்கும், கிடைக்காவிட்டால் அன்டிஃபைன்ட். பைதனில் ஜெனரேட்டரை நெக்ஸ்டுக்குள் கொடுத்து, இரண்டாவதாக இல்லாதபோது வர வேண்டிய மதிப்பைக் கொடுங்கள், அதை மறந்தால் பிழை எறியும்.

பதிவுகள் டேட்டாபேஸில் இருந்தால் எல்லாவற்றையும் கொண்டுவந்து ஸ்ட்ரீமில் ஃபில்டர் செய்வது எதற்கு? அங்கேயே நிபந்தனை போட்டு எடுங்கள். கணக்கு, நம்பர், திகதி, நிறுவை நான்கும் சேர்ந்து ஒன்றே ஒன்றுதான் என்று டேட்டாபேஸிலேயே யுனீக் கட்டுப்பாடு வைத்தால் இரண்டாவது பதிவு உள்ளேயே வராது.

பழைய_செக்ரோல் | புதன், இரவு 9.35

கடைசியில் சொன்னது முக்கியம், ஆனால் ரயில்பாதைத் தம்பி சொன்ன திருத்தப் பதிவுகளுக்கு இடம் விடுங்கள். பழையதை அழித்து எழுதும் வழக்கம் வேண்டாம். செக்ரோலில் நாங்கள் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதுவோம், பழைய எண் தெரிய வேண்டும். ஆகவே திருத்த நேரத்தையும் அந்தக் கட்டுப்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று மகள், கிலோவை டபுளில் (தசம எண்களுக்கான வகை) வைத்திருக்கிறீர்களா? 0.7உடன் 0.1ஐக் கூட்டி அச்சிட்டுப் பாருங்கள், 0.7999999999999999 என்று வரும். சம் அந்தப் பிழையைக் குறைக்கப் பார்க்கும், ஆனால் முழுக்க இல்லாமல் செய்யாது, ரெடியூஸில் நீங்களே கூட்டினால் அதுவும் கிடையாது. 18 கிலோவுக்கு முழுப்பேர் என்ற இடத்தில் 17.999 வந்து நின்றால் என்ன ஆகும்? கிராமில், முழு எண்ணாக வையுங்கள்.

கொழுந்துக்கூடை | வியாழன், இரவு 10.20

நேற்று இரவு கரண்ட் இல்லை, அதனால் இன்றுதான் எழுத முடிந்தது.

இப்போது நிரல் இப்படி இருக்கிறது. வாசிக்கும்போதே பெயர்களை என்எஃப்சிக்கு மாற்றுகிறேன் (கிடைக்காமல் போன மூன்று பேருக்கும் பெயரில் ‘யோ’ இருந்தது, தூறல் அக்கா சொன்னது அப்படியே). கிலோவைக் கிராமாக்கி முழு எண்ணில் வைத்திருக்கிறேன். ஃபில்டரில் கணக்கு, நம்பர், திகதி மூன்றையும் பார்க்கிறேன். ஒவ்வொரு நிறுவைக்கும் கடைசியாக எழுதியதை மேக்ஸ் கொண்டு எடுக்கிறேன், பிறகு தொடக்க மதிப்பு இல்லாத ரெடியூஸில் கூட்டுகிறேன். டப்பா காலி என்றால் ‘வரவில்லை’ என்று எழுதுகிறது. ஒரே நிறுவைக்கு ஒரே நேரத்தில் எழுதிய இரண்டு பதிவு இருந்தாலோ கிலோ எழுதாத பதிவு இருந்தாலோ அந்த நம்பரை மட்டும் கையால் பார்க்கச் சொல்லித் திரையின் மேலேயே காட்டுகிறது.

போன மாதத்துக் கொப்பியிலிருந்து அம்மாவின் நம்பரைப் போட்டு ஓட்டி, அவருடைய கலண்டரோடு ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டோம். அம்மா வாசித்தார், நான் திரையைப் பார்த்துச் சொன்னேன். 24 நாளும் சரியாக இருந்தது. 25ஆவது நாள் கலண்டரில் 19, நிரலில் 17.5. கொப்பியைப் பார்த்தால் பகல் நிறுவையில் 7 என்று எழுதி, அதன் மேலேயே 5½ என்று திருத்தியிருக்கிறது, எது முதல் எது பிறகு என்று எனக்கு விளங்கவில்லை. நாளைக்கு மடுவத்தில் கணக்கப்பிள்ளையிடம் கொப்பியைக் காட்டிக் கேட்கப்போகிறோம், அம்மாவும் வருகிறார்.